நோய் வருவதற்கு முன் எடுத்த படம்: சீல்களுக்கு மேலே ட்ரோன்கள் என்ன செய்கின்றன?

சிறுத்தை சீல் என்ற பெரிய கடல் பாலூட்டியை எப்படி எடை போடுவார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சீல்களின் உடல்நலம் பார்க்க ட்ரோன் எதற்கு என்ற கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

அன்டார்க்டிகாவை ஒட்டிய தெற்கு ஷெட்லாந்து தீவுகளில் லிவிங்ஸ்டன் என்று ஒரு தீவு. அதில் கேப் ஷிரெஃப் என்ற முனையில் அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா பல ஆண்டுகளாக ஆய்வு முகாம் போட்டிருக்கிறது. அங்கே கரையேறிப் படுக்கும் சிறுத்தை சீல் பத்தடி நீளம் இருக்கும், பெரிய பெண் சீல் 500 கிலோ கூட வரும், வேட்டையாடியே வாழும் விலங்கு என்பதால் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்க முடியாது. அதை எடை போட வேண்டுமென்றால் மயக்க மருந்து கொடுத்து, மயங்கியதும் வலையில் உருட்டிப் போட்டு, முக்காலி நட்டு, அந்த வலையோடு மேலே தூக்கித் தராசில் தொங்கவிட்டு, இறக்கி, மயக்கம் தெளிந்து எழுகிற வரை காவல் இருக்க வேண்டும். ஐந்து பேர், நான்கு மணி நேரத்துக்கும் மேல், ஒரே ஒரு சீலுக்கு. மனிதர்களுக்கு ஆபத்து என்பதை விட்டுவிடுங்கள், சீலுக்கே இது ஆபத்து. நீருக்குள் மூழ்கி வாழும் விலங்குக்கு மூச்சை அடக்குவது பிறவியிலேயே வந்த பழக்கம், மயக்கத்திலும் அது அப்படியே மூச்சை நிறுத்திக்கொள்ளும், சில சமயம் மறுபடி இழுக்காமலே போய்விடும். உடல்நலம் பார்க்கப் போய் உயிரை எடுத்த கதையாகிவிடும்.

அதே கேப் ஷிரெஃபில் நோவாவின் ஆய்வாளர் டக்ளஸ் கிராவுஸும் அவருடன் வேலை செய்தவர்களும் ஆறு விசிறி வைத்த ஒரு சிறிய ட்ரோனை 23 மீட்டர் உயரத்தில் நிறுத்தி, கீழே படுத்திருந்த சிறுத்தை சீல்களைப் படம் எடுத்தார்கள். அதே சீல்களைப் பிடித்து, பழைய முறையில் எடையும் போட்டார்கள், இரண்டையும் ஒப்பிட வேண்டுமே. 2017ல் வெளியான அவர்களுடைய கட்டுரை சொல்வது இதுதான்: படத்திலிருந்து கணக்கிட்ட எடைக்கும் தராசு காட்டிய எடைக்கும் வித்தியாசம் நூற்றுக்குச் சுமார் நான்கரைக்குள் அடங்கிவிட்டது. இரண்டு பேர், இருபது நிமிடம், வேலை முடிந்தது. சீல் தூக்கத்திலிருந்து எழக்கூட இல்லை.

படத்தைப் பார்த்து எடை சொல்வது நமக்கு ஒன்றும் அந்நியமான சங்கதி இல்லை. தராசு இல்லாத ஊரில் கால்நடை மருத்துவர் மாட்டின் நெஞ்சுச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் நாடாவால் அளந்து, ஒரு சூத்திரத்தில் போட்டு, மருந்தின் அளவுக்குப் போதுமான துல்லியத்தில் எடை சொல்லிவிடுவார். ட்ரோன் செய்வதும் அதேதான், நாடா மட்டும் இல்லை. கேமரா எவ்வளவு உயரத்தில் இருந்தது, லென்ஸ் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் படத்தில் ஒரு புள்ளி தரையில் எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கிடலாம், அதை வைத்து மூக்கிலிருந்து வால் வரை நீளம், முன் துடுப்புகளுக்குப் பின்னால் அகலம், மேலிருந்து தெரியும் உடம்பின் மொத்தப் பரப்பு எல்லாம் வந்துவிடும். ஏற்கனவே தராசில் நிறுத்திய சீல்களின் கணக்கோடு இதைப் பொருத்தினால் எடை கிடைக்கும்.

சொல்வதற்கு எளிது. உயரத்தில் ஒரு மீட்டர் பிசகினால் நீளம் பிசகும், நீளமும் அகலமும் பிசகினால் எடையில் அது பெருகிப் போய் நிற்கும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் சாதாரணக் கருவி காற்று மாறும்போதெல்லாம் ஏமாற்றும் என்பதால், பலர் லேசர் உயரமானியைச் சேர்த்துப் பறக்கவிடுகிறார்கள், அல்லது அளவு தெரிந்த ஒரு பலகையைத் தரையில் வைத்து அதையும் படத்தில் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் சீல் எப்படிப் படுத்திருக்கிறது என்பதும் முக்கியம். குப்புற நேராகப் படுத்திருந்தால் நல்லது, வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடந்தாலோ பக்கவாட்டில் புரண்டிருந்தாலோ அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு அது திரும்பிப் படுக்கிற வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, எடை தெரிந்து என்ன ஆகப் போகிறது? சீலைப் பொறுத்தவரை எடைதான் ஏறக்குறைய எல்லாமே. தோலுக்குக் கீழே இருக்கும் தடித்த கொழுப்புதான் அதற்குக் கம்பளி, அதுவே சாப்பாட்டு மூட்டை. உண்மையான சீல்கள் என்று அழைக்கப்படும், வெளிக்காது இல்லாத இனங்கள் பலவற்றில் குட்டி போட்ட தாய் கடலுக்குத் திரும்பாமல், ஒன்றும் சாப்பிடாமல், சேர்த்து வைத்த கொழுப்பை உருக்கியே பால் கொடுக்கும். சாம்பல் சீலின் பாலில் பாதிக்கும் மேல் கொழுப்புதான். பிறக்கும்போது 14 கிலோ அளவில் இருக்கும் குட்டி, சுமார் 18 நாளில் அதைப்போல மூன்று மடங்கு ஆகிவிடும், தாய் அதே 18 நாளில் கண்ணெதிரே இளைத்துப் போகும். பிறகு தாய் குட்டியை விட்டுவிட்டுப் போய்விடும், திரும்ப வராது. அந்தக் குட்டி கையில் வைத்திருக்கும் சொத்து அந்தக் கொழுப்பு மட்டுமே, மீன் பிடிக்கக் கற்றுக்கொள்கிற வரை அதைத் தின்றுதான் உயிர் வாழ வேண்டும். ஆக, தாய் கரையேறும்போது எவ்வளவு கொழுத்திருந்தது, குட்டி பால் மறக்கும்போது எவ்வளவு கொழுத்திருந்தது என்ற இரண்டு எண்கள் தெரிந்தால், அந்த ஆண்டு கடலில் இரை எப்படி இருந்தது, அடுத்த ஆண்டு எத்தனை குட்டி பிழைக்கும் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். கனடாவில் சாம்பல் சீல்களைப் பல கோணங்களில் ட்ரோனில் படம் எடுத்து, கணினியில் முப்பரிமாண உருவமாக்கி, தாயிடம் குறைந்த கன அளவு குட்டியிடம் எவ்வளவு கூடியது என்று ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். தாயையும் குட்டியையும் பிரிக்காமல், தொடாமல், ஒரே பாலூட்டும் காலத்தில் மறுபடி மறுபடி அளக்க முடிந்தது என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது.

எடை தவிர மேலிருந்து பார்த்தால் வேறு சிலவும் தெரியும். கழுத்துக்குப் பின்னால் குழி விழுந்திருப்பது, இடுப்பெலும்பு துருத்தி நிற்பது, சுறா கடித்த காயம், படகு விசிறி கிழித்த கோடுகள், கழுத்தில் இறுகிப்போன மீன்வலை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஃபிலிப் தீவுக்குப் பக்கத்தில் சீல் ராக்ஸ் என்ற பாறைத் திட்டு இருக்கிறது, ஆஸ்திரேலிய ரோம சீல்களின் பெரிய குடியிருப்புகளில் ஒன்று. அங்கே எடுக்கும் ட்ரோன் படங்களை சீல்ஸ்பாட்டர் என்ற தளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பெரிய சீல், குட்டி, வலையில் சிக்கிய சீல் என்று குறித்துக்கொடுக்கலாம். குட்டியாக இருந்தபோது கழுத்தில் மாட்டிய வலைத்துண்டு, உடம்பு வளர வளரச் சதைக்குள் இறங்கிப் பல மாதம் எடுத்துக் கொல்லும். அது சிக்கியிருக்கிறது என்று சீக்கிரம் தெரிவதற்கும் தாமதமாகத் தெரிவதற்கும் இடையில் ஓர் உயிர் இருக்கிறது.

வெப்பக் கேமராவைப் பற்றிப் பலரும் ஆர்வமாகக் கேட்பார்கள், காய்ச்சல் வந்த சீலை வானத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாமே என்று. அது அவ்வளவு சுலபமாக நடக்காது. உள்ளே எவ்வளவு சூடாக இருந்தாலும் அந்தக் கொழுப்புப் போர்வை வெளியே விடாது, நனைந்த உடம்பும் வெயிலும் காற்றும் வெளித்தோலின் வெப்பத்தை நிமிடத்துக்கு நிமிடம் மாற்றிக்கொண்டே இருக்கும், இதில் மேலிருந்து பார்த்துக் காய்ச்சல் சொல்வது நம்பத்தகுந்த வேலை இல்லை. ஆனால் எண்ணுவதற்கு வெப்பக் கேமரா அருமையான கருவி. பனியில் படுத்திருக்கும் வெள்ளைக் குட்டி சாதாரணப் படத்தில் பனியோடு பனியாகக் கலந்துவிடும், வெப்பப் படத்தில் விளக்கு ஏற்றியது போலத் தெரியும். 2015 குளிர்காலத்தில் கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் இரண்டு தீவுகளில் சாம்பல் சீல்களை இப்படிப் படமெடுத்துக் கணினியை எண்ணவிட்டபோது, மனிதர்கள் எண்ணிய கணக்கில் நூற்றுக்கு 95 முதல் 98 வரை அது பிடித்துவிட்டது.

எண்ணிக்கையும் உடல்நலமும் வேறு வேறு விஷயம் என்று தோன்றலாம். நானும் முதலில் அப்படித்தான் பிரித்துப் பார்த்தேன். பறவைக் காய்ச்சல் வந்த பிறகு அப்படிப் பிரிக்க முடியவில்லை.

எச்5என்1 என்ற அந்த வைரஸ் 2022 கோடையில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் 330க்கும் மேற்பட்ட துறைமுக சீல்களும் சாம்பல் சீல்களும் செத்ததற்குப் பின்னால் இருந்தது. அடுத்து தென் அமெரிக்கா. பெரு, சிலி கரைகளில் கடற்சிங்கங்கள் ஆயிரக்கணக்கில் செத்து ஒதுங்கின. 2023 அக்டோபரில் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் யானை சீல்கள் குட்டி போடும் நேரம் பார்த்து வைரஸ் வந்து சேர்ந்தது. அந்த ஒரு பருவத்தில் 17,000க்கும் மேற்பட்ட குட்டிகள் செத்தன, பிறந்தவற்றில் நூற்றுக்கு 95க்கும் மேல். முந்தைய ஆண்டு அதே கரையில் செத்தது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது. அந்தக் கரையை வருடக்கணக்காக நடந்து எண்ணி வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க முடியவில்லை.

அப்புறம் தெற்கு ஜார்ஜியா. தென் அட்லாண்டிக்கில் தனியாகக் கிடக்கும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. உலகத்தில் குட்டி போடும் தெற்கு யானை சீல்களில் பாதிக்கும் மேல் இந்த ஒரு தீவின் கரைகளுக்குத்தான் வருகின்றன. அங்கே 2023 கடைசியில் பறவைகளிடம் வைரஸ் தெரிந்தது, 2024 ஜனவரியில் யானை சீல்களிடமும் ரோம சீல்களிடமும் உறுதியானது. இதில் எத்தனை செத்தன? செத்த உடல்களை எண்ணி இதற்குப் பதில் சொல்ல முடியாது. கரையில் கிடக்கும் பிணங்களை மட்டும் எண்ணினால் அலை இழுத்துப் போனவை, கடலிலேயே செத்துக் கரைக்கு வராதவை எதுவும் கணக்கில் வராது. வடக்கு ஐரோப்பாவில் 1988லும் 2002லும் துறைமுக சீல்களிடையே ஒரு வைரஸ் நோய் பரவி, முதல் தடவை 20,000க்கும் மேல், இரண்டாம் தடவை 30,000 அளவில் செத்தன, இரண்டு தடவையும் டென்மார்க்கின் ஆன்ஹோல்ட் தீவில்தான் முதலில் தெரிந்தது. அங்கே ஊரும் துறைமுகமும் மனித நடமாட்டமும் உள்ள கரைகள், ஒதுங்கிய உடல்களை யாராவது பார்த்துச் சொன்னார்கள். தெற்கு ஜார்ஜியாவில் அப்படி யார் இருக்கிறார்கள்?

அங்கே கைகொடுத்தது பழைய படம். வைரஸ் வருவதற்கு ஓர் ஆண்டு முன்பு, 2022ல், பிரிட்டிஷ் அன்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் யானை சீல்கள் அதிகம் கூடும் கரைகளுக்கு மேலே ட்ரோன் ஓட்டிப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். 2024ல் அதே கரைகளுக்கு மேலே மறுபடி ஓட்டினார்கள். கானர் பாம்ஃபோர்டும் மற்றவர்களும் 2025 நவம்பரில் வெளியிட்ட ஒப்பீட்டில், மூன்று பெரிய குடியிருப்புகளில் குட்டி போட வந்த பெண் சீல்கள் நூற்றுக்கு 47 குறைந்திருந்தன. அதே விகிதம் தீவு முழுவதற்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால் சுமார் 53,000 பெண் சீல்கள் வரவில்லை என்று அர்த்தம்.

2022ல் யாரும் பறக்கவிடவில்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தீவு முழுக்க எண்ணிய கணக்கு என்று இருந்தது 1995ஆம் ஆண்டினுடையது. 2024ல் கரையில் சீல் குறைவாகத் தெரிகிறதே என்று யாராவது சொன்னால், முப்பது வருடத்தில் மெதுவாகக் குறைந்ததா, ஒரே வருடத்தில் விழுந்ததா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் நான் சொல்ல வந்தது முக்கியமாக இதுதான். நோய் வந்த பிறகு ட்ரோனைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் கிடைப்பதைவிட, எல்லாம் நன்றாக இருக்கும்போது, செய்தி எதுவும் இல்லாத சாதாரண ஆண்டில், யாரும் பணம் கொடுக்கத் தயங்கும் நேரத்தில் பறந்து எடுத்து வைத்த படங்களில்தான் மதிப்பு இருக்கிறது. மருத்துவரிடம் போனால் பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்கிறாரே, அதே கேள்விதான்.

சரி, ட்ரோனால் முடியாதது என்ன? வைரஸ் அதற்குத் தெரியாது. மேலே இருந்து எடுத்த வீடியோவில் ஒரு சீல் நடுங்குவதும், மூச்சுக்குத் திணறுவதும், மூக்கில் நுரை தள்ளுவதும் தெரியலாம், ஆனால் அது எச்5என்1தானா என்று சொல்ல மூக்கிலோ வாயிலோ பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பத்தான் வேண்டும், அதற்குப் பாதுகாப்பு உடை போட்ட மனிதர்கள் கரையில் இறங்கத்தான் வேண்டும். எங்கே இறங்குவது, எந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டாம், எங்கே புதிதாகச் சாவு தொடங்கியிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்வதில் ட்ரோன் உதவும். மூச்சை எண்ணலாமே என்றால் அதிலும் சிக்கல், நல்ல ஆரோக்கியமான யானை சீலே தரையில் தூங்கும்போது பல நிமிடம் மூச்சு விடாமல் கிடக்கும். அசையாமல் கிடக்கிறதே, செத்துவிட்டதோ என்று நினைத்தால் எழுந்து கொட்டாவி விடும். உயிருள்ளதையும் செத்ததையும் ஒரே ஒரு படத்தில் பிரிக்க முடியாது, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் எடுத்தால்தான் எது அசையவே இல்லை என்று தெரியும்.

கணினி எண்ணுவதிலும் அப்படித்தான். யானை சீல்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, இடைவெளி இல்லாமல் படுத்திருக்கும், புதிதாகப் பிறந்த குட்டி கறுப்பாக இருப்பதால் ஈரக் கற்களோடு கலந்துவிடும், பெரிய ஆண் சீலின் உடம்புக்குப் பின்னால் ஒரு குட்டி மறைந்தே போகலாம். மென்பொருள் முதல் கணக்கைப் போடட்டும், பழகிய கண் ஒன்று அதைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

தொந்தரவு பற்றியும் பேச வேண்டும், இது பலர் லேசாக எடுத்துக்கொள்ளும் இடம். ட்ரோன் தொடுவதில்லை என்பதால் பாதிப்பில்லை என்று அர்த்தமில்லை. பிரிட்டனில் சாம்பல் சீல்களையும் துறைமுக சீல்களையும் வைத்து 2015ல் வெளியான ஆய்வு ஒன்று, எதிர்வினை இடத்துக்கு இடம், இனத்துக்கு இனம், பறக்கும் உயரத்துக்கு ஏற்ப, குட்டி போடும் காலமா ரோமம் உதிர்க்கும் காலமா என்பதற்கு ஏற்ப மாறுகிறது என்று காட்டியது. சிறுத்தை சீல் 23 மீட்டரில் சட்டை செய்யவில்லை என்பதை வைத்து இன்னொரு கரையில் இன்னொரு இனத்தின் மேல் அதே உயரத்தில் இறங்கிப் பார்ப்பது தவறு. முதலில் தலை தூக்கும், பிறகு ஒரே பக்கமாகப் பார்க்கும், பிறகு ஒன்று நகரும், அது நகர்ந்தால் எல்லாம் மிரண்டு கடலை நோக்கி ஓடும், அந்த ஓட்டத்தில் நசுங்குவது குட்டிகள்தான். தலை தூக்கும்போதே ட்ரோனைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறவர்தான் இந்த வேலைக்கு லாயக்கு. அமெரிக்காவில் கடல் பாலூட்டிகளை 1972ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது, அனுமதி இல்லாமல் அவற்றின் இயல்பைக் கலைப்பதே அங்கே குற்றம். ஆய்வாளர்கள் அனுமதி வாங்கிப் பறக்கிறார்கள், அழகாக வீடியோ எடுக்கலாம் என்று கிளம்பும் சுற்றுலாப் பயணி வாங்குவதில்லை. அவர் எடுத்த வீடியோவில் எல்லா சீல்களும் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தால் அது அழகு இல்லை, பயம்.

ஆனால் ட்ரோன் வராத காலத்தில் தொந்தரவு இல்லாமலா இருந்தது? இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் சாம்பல் சீல் குட்டிகளை எண்ண, வனக்காவலர்கள் சில நாளுக்கு ஒரு முறை கூட்டத்துக்குள் நடந்து போய், எண்ணிய குட்டி மேல் தீங்கில்லாத சாயத்தைத் தெளித்து அடையாளம் வைத்தார்கள், கோபக்காரத் தாய்களைச் சமாளித்துக்கொண்டே. இப்போது அங்கேயும் ட்ரோன் எண்ணுகிறது. பெரிய பரப்புகளுக்குச் சிறிய விமானத்தில் தாழப் பறந்தார்கள், அதன் விலை மனித உயிர்: 1937 முதல் 2000 வரை அமெரிக்காவில் பணியின்போது இறந்த வனவிலங்குப் பணியாளர்களைப் பற்றிய ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது விமான, ஹெலிகாப்டர் விபத்துகளில். ட்ரோன் விழுந்தால் ஒரு கருவிதான் போகும். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும், காற்று வீசினால் நாள் முழுக்கக் கூடாரத்திலேயே உட்கார வேண்டும், துருவத்துக்குப் பக்கத்தில் திசைகாட்டி குழம்பும், இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம்.

தெற்கு ஜார்ஜியாவுக்கு 2024ல் வராத அந்தப் பெண் சீல்கள் எல்லாமே செத்துவிட்டனவா என்பது இன்னும் முடிவாகவில்லை. நோயில் பிழைத்து, உடம்பு தேறாமல், அந்த ஆண்டு குட்டி போடுவதைத் தவிர்த்துவிட்டுக் கடலிலேயே இருந்தவையும் இருக்கலாம். அப்படி இருந்தால் அடுத்தடுத்த அக்டோபர்களில் அவை கரைக்கு வர வேண்டும், வந்தால் அதே கரைக்கு மேலே, பருவத்தின் அதே வாரத்தில் எடுத்த படத்தில் தெரியும். அதோடு வைரஸ் தெற்கு ஜார்ஜியாவோடு நிற்கவும் இல்லை. 2024ல் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் இருக்கும் கிரோசே, கெர்கெலன் தீவுகளில் தெரிந்தது, 2025 நவம்பரில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான ஹெர்ட் தீவின் யானை சீல்களிடம் உறுதியானது. கிழக்கே, கிழக்கே என்று போய்க்கொண்டிருக்கிறது. அதற்கும் கிழக்கே மக்குவாரி தீவு இருக்கிறது, அங்கேயும் ஒவ்வொரு வசந்தத்திலும் ஆயிரக்கணக்கான யானை சீல்கள் குட்டி போடக் கரையேறுகின்றன.